பொட்டு மாஸ்டர் கண் திறந்த படம்

எங்கள் அப்பாவுக்குக் கண் உண்டு என்பதற்கு நேரில் பார்த்தவர்கள்தான் சாட்சி. போட்டோ எதிலும் ஆதாரம் கிடையாது. கல்யாண ஆல்பத்தில், பதிவேட்டில் கையெழுத்துப் போடும் படம் ஒன்று இருக்கிறது. அம்மா பேனாவைப் பார்க்கிறாள், சாட்சிகள் கேமராவைப் பார்க்கிறார்கள், அப்பா தூங்குகிறார். அது தெரிந்தே போட்ட கையெழுத்துதானா என்று அம்மாவுக்கு இருபத்தேழு வருடமாகச் சந்தேகம். நான் பிறந்த அன்று என்னைக் கையில் வாங்கிய படத்திலும் அப்படியே. உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடிக்கொண்டார் என்று அக்கா எனக்கு விளக்கிச் சொன்னபோது எனக்கு ஐந்து வயது. மூன்று நாள் நம்பினேன்.

காரணம் தொழில். அப்பா கிரில் பட்டறையில் வெல்டர். கதவோ கைப்பிடியோ, முழுசாகப் பற்றவைப்பதற்கு முன்னால் அங்கங்கே ஒரு சொட்டு வைத்து நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பொட்டு வைப்பது என்று பெயர். அந்த அரை நொடி வேலைக்கு யாரும் முகக்கவசத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு "அடிக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுத்து, கண்ணை இறுக்கி, டப்பென்று ஒன்று வைத்தால் முடிந்தது. இருட்டில் வைத்தாலும் கோணாமல் வைப்பார் என்பதால் பட்டறையில் அப்பாவுக்குப் பெயரே பொட்டு மாஸ்டர். முப்பது வருடம் அப்படி வைத்ததில், எதிரில் இருப்பவன் விரலை அசைத்தாலே அவர் இமை இறங்கிவிடும். ரெடி, ஸ்மைல், ஒன்று இரண்டு மூன்று, எதைச் சொன்னாலும் அவர் உடம்புக்கு அது "அடிக்கிறேன்" தான்.

அக்கா ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை இது எங்கள் வீட்டில் வெறும் சிரிப்புச் சமாசாரமாக இருந்தது.

அக்கா கல்யாணமாகி நாலு வருடமாக வெளிநாட்டில் இருந்தாள். அத்தான் லாரி ஓட்டினார், அவள் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். விடாத காய்ச்சல் என்று போய்ப் படுத்தவளிடம், இதயத்தில் ஒரு வால்வைக் கிருமி அரித்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன் என்று குறித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பத்தில் நெருங்கியவர் ஒருவர் இச்சமயத்தில் அருகில் இருப்பது நன்று என்று எழுதியிருந்தார் டாக்டர். அதட்டி எழுதியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். அத்தனை மரியாதை அதில்.

அக்கா போனில் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அப்பாவ ஒரு தடவ பாத்துட்டா போதும்டா."

வீட்டில் பாஸ்போர்ட் இருந்தது அப்பாவிடம் மட்டும். கப்பல் கட்டும் இடத்தில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொல்லி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. வேலை வரவில்லை. ஏஜெண்டும் வரவில்லை. பாஸ்போர்ட் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து பீரோவில் துணிக்கடியில் படுத்துக்கொண்டது. அதில் உள்ள படத்தில் அதிசயமாக அப்பா கண்ணைத் திறந்திருந்தார். வெளிநாடு போகிற ஆசையில் திறந்திருக்கும் என்பது அம்மாவின் கணிப்பு. ஒரு முறை திறந்த கண் மறுமுறை திறக்காதா என்பதுதான் எங்கள் மொத்த நம்பிக்கையும்.

மருத்துவ அவசரம் என்றால் மூன்றே நாளில் விசா என்று இணையதளத்தில் போட்டிருந்தது. கடிதத்தை ஏற்றினேன், பாஸ்போர்ட் எண்ணைப் போட்டேன், கடைசியாகப் புகைப்படம் கேட்டது. வெள்ளைப் பின்னணி, நிழல் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், கண்கள் திறந்திருக்க வேண்டும், முகபாவம் சாதாரணமாக இருக்க வேண்டும். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்குச் சாதாரண முகபாவம் எது என்று அவர்களிடமே கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. அதற்குக் கட்டம் எதுவும் இல்லை.

தெருமுனை ஸ்டூடியோக்காரரை எல்லோரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். பருவை எடுப்பார், வழுக்கையில் முடி நடுவார், கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராத தம்பியைக் குடும்பப் படத்தில் அண்ணன் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவார். அவர் சேர்த்து வைத்த குடும்பங்கள் இந்தத் தெருவில் எத்தனையோ. அவரிடம் நான், திருத்திய படங்களை ஏற்க மாட்டார்களாம் என்று வாசித்துக் காட்டியபோது, பெண் கேட்டு இல்லை என்று சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

முதல் நாள் நாற்பத்தொரு படம். நாற்பத்தொன்றிலும் அப்பா நிம்மதியாகத் தெரிந்தார். இருப்பதில் கொஞ்சம் கீறலாகத் திறந்திருந்ததை ஏற்றியதும் இணையதளம் சிவப்பு எழுத்தில் சொன்னது: கண்கள் மூடியுள்ளன. இரண்டாம் நாள் இமைகளை டேப் போட்டு மேலே ஒட்டினோம். முகபாவம் இயல்பாக இல்லை என்றது. பேயைக் கண்டவர் போலிருந்தார் என்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு துண்டை வெட்டலாம் என்று நான் மூளையைக் காட்டினேன். படம் தெளிவாக இல்லை என்றது. மூன்றாம் நாள், பின்னால் கட்டியிருந்த போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, கண் திறந்துவிட்டதா என்று ஆர்வம் தாங்காமல் எட்டிப் பார்த்துவிட்டாள். ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உள்ளன. அந்தப் படத்தில் அம்மாவின் கண் இரண்டும் அருமையாகத் திறந்திருந்தன. ஆனால் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை.

அன்று மாலை அப்பா மொட்டைமாடிக்குப் போய்ப் போனைக் கையை நீட்டிப் பிடித்துத் தன்னைத்தானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதும் நீட்டினார். பதினேழு படத்திலும் இமைகள்தான் இருந்தன.

"வேணும்னே மூடல்லப்பா" என்றார். என்னிடம் அப்பா மன்னிப்பு மாதிரி எதையோ சொன்னது அதுதான் முதல் தடவை. தெரியும்ப்பா, காற்று அடிக்குது கீழே வாங்க என்றேன்.

நாலாம் நாள் யோசனை வந்தது அம்மாவிடமிருந்து. பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். பற்றவைத்து முடித்ததும் அப்பா கவசத்தைத் தூக்கிவிட்டு, ஒட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். "ம்" என்பார். அந்த ஒரு நொடியில் அவர் கண் ஆளையே விழுங்குகிற மாதிரி இருக்கும். "என்னைய ஒருநாள்கூட அப்படிப் பாத்ததில்ல" என்று ஒரு குத்தும் சேர்த்துக்கொண்டாள்.

டச்சப்பைக் கேமராவோடு பட்டறைக்கு அழைத்துப் போனோம். முதலாளி வேலையை நிறுத்தி, வெளிச்சத்துக்காகப் பெரிய கதவைத் திறந்துவிட்டார். அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைப் போர்வையை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். ஓர் இரும்புத் தகட்டில் கேமராக் கண் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, முகம் இருக்கும் உயரத்துக்கு நிறுத்தி, ஓட்டைக்கு விரல்கடை மேலே ஒரு நட்டைப் பற்றவைக்கச் சொன்னோம். தகட்டுக்குப் பின்னால் டச்சப். அப்பாவின் "ம்" கேட்டதும் லென்ஸை மறைத்த அட்டையை நான் இழுக்க வேண்டும், அவர் அழுத்த வேண்டும்.

பொறி பறந்தது. கவசம் மேலே போனது. "ம்" என்றார் அப்பா. இழுத்தேன். அழுத்தினார்.

வெளிச்சத்துக்குப் பயந்து டச்சப்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அப்பா திறந்திருந்தார்.

படத்தைக் கணினியில் போட்டதும் நாங்கள் நாலு பேரும் திரையைச் சுற்றி நின்றோம். கொஞ்சம் பழுப்புக் கலந்த கண். இடது கண்ணில் ஓரமாக ஒரு சிவப்பு நரம்பு. அம்மா திரைக்கு ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்தாள். நேரில் தினமும் பார்க்கிற கண்தானே என்றேன். நேரில் இப்படி நிறுத்தி வைத்துப் பார்க்க யார் விட்டார்கள் என்றாள். இணையதளம் பச்சை நிறத்தில் ஒரு சரி போட்டது. மறுநாள் காலை விசா மையத்துக்கு வரச் சொன்னது. அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். யாருடா இந்த அழகன் என்று பதில் வந்தது.

விசா மையம் குளிரூட்டிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலி, எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, எல்லோரும் பரீட்சைக்கு வந்த முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மருத்துவக் கடிதத்தைப் படித்துவிட்டு, கவலைப்படாதீங்க சார், சீக்கிரம் அனுப்பிடலாம் என்று நல்ல மாதிரியாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார், இது நீங்கதானே?"

அப்பா குற்றவாளி மாதிரித் தலையாட்டினார். பாஸ்போர்ட் படத்துக்கும் நாங்கள் ஏற்றிய படத்துக்கும் பொருத்தம் குறைவு என்று இயந்திரம் சொல்கிறது என்றாள். இங்கேயே ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சின்னக் கேமராவை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்தாள். அப்பா தூங்கிப்போனார். ஆறு முறை.

"பாஸ்போர்ட்ல மட்டும் இவ்வளவு நல்லா திறந்திருக்கீங்களே சார்" என்றாள், கேலியில்லாமல். பிறகு உள்ளே போய் ஒரு மேலதிகாரியோடு வந்தாள். அவர் பாஸ்போர்ட்டைச் சாய்த்துப் பார்த்து, மூக்கும் வாயும் இவர்தான், கண் இவருடையது இல்லை என்றார். ஒன்பது வருடமாக நாங்கள் யாரும் கண்டுபிடிக்காததை ஒன்பது நொடியில் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டு வந்தால் அன்றைக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

நேராக டச்சப்பிடம் போனோம். அவர் தேதி வாரியாக எல்லாவற்றையும் சேமித்து வைத்திருப்பவர். பழைய கணினியை உயிர்ப்பித்து, அந்த வருடத்தைத் திறந்து, அந்த நாளைத் திறந்தார். அப்பா கண் மூடிய படம் பன்னிரண்டு இருந்தது. அதற்கு அடுத்து, கல்லூரியில் சேர எடுத்த அக்காவின் படம். அன்று இருவரும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள். அப்பா பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போக, அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

"பாப்பாதான் தம்பி சொன்னுச்சு. என் கண்ணையே எடுத்து வச்சிருங்கண்ணே, ஒரே குடும்பக் கண்ணுதானேன்னு." டச்சப்புக்கு வியர்த்திருந்தது. ஆனாலும் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவரால் அடக்க முடியவில்லை. இமைமுடியைக் குறைத்தாராம், ஓரத்தில் இரண்டு சுருக்கம் போட்டாராம், மை தீட்டிய கோட்டை அழிக்க மட்டும் அரைமணி நேரமானதாம்.

பதினேழு வயதுப் பெண்ணின் கண்ணை வைத்துக்கொண்டு அப்பா ஒன்பது வருடம் பீரோவில் இருந்திருக்கிறார். அந்தக் கண்ணைத்தான் இப்போது பார்க்கப் போக வேண்டும். அந்தக் கண்ணால்தான் போக முடியவில்லை.

டச்சப் ஒரு வழி சொன்னார். இப்போது எடுத்த படத்திலும் அதே பழைய கண்ணை வைத்துத் தந்துவிடுகிறேன், இரண்டும் பொருந்திவிடும், வேறொரு மையத்தில் கொடுங்கள் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் போனால் பாவம் இரண்டுக்கும் பேச்சுத்துணையாவது இருக்கும். அப்பாதான் தலையாட்டவில்லை.

"ஒட்டு விட்டுப்போச்சுன்னா மேல மேல பத்தவைக்கக் கூடாதுப்பா. அறுத்து எடுத்துட்டுப் புதுசாத்தான் வைக்கணும்."

பட்டறையில் அது சரி. அன்றைக்கு மேலேயே பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

ராத்திரிவரை காத்திருக்காமல் அப்போதே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நர்ஸ் ஏதோ அதட்டுவது கேட்டது, அதற்கும் சிரித்தாள். அவள் சிரிப்பு அடங்கி இருமலாகி, இருமல் அடங்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாவத் திட்டாதீங்கடா. புதுசா எடுக்கச் சொல்லு. நான் எங்க போயிடப்போறேன், இங்கதானே படுத்துக் கிடப்பேன்."

பாஸ்போர்ட்டைப் புதிதாக வாங்கும் விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தது. தொலைந்தது, கிழிந்தது, நனைந்தது, பக்கங்கள் தீர்ந்தன, பெயர் மாறியது. கண் மகளுடையது என்பதற்கு இடம் இல்லை. மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவசரம் என்று எழுதிக் கடிதத்தை இணைத்தும் நேரில் போகக் கிடைத்த முதல் நாள் அந்தப் பன்னிரண்டாம் நாள்தான். ஆபரேஷன் நாள். பாஸ்போர்ட் கைக்கு வர அதற்கு மேல் இரண்டு வாரம். மயக்க ஊசிக்கு முன்னால் முடியாது என்று ஆனது. பரவாயில்லை, மயக்கம் தெளிந்து ஒரு மாதம் அங்கேதானே இருப்பாள், தையல் பிரிக்கும்போது போய் நின்றால் போதும் என்று அப்பா கணக்கை மாற்றிக்கொண்டார். ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தார். காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டியிருந்தார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் முன்பு மாதிரி இப்போது நம் போட்டோ செல்லாது, அவர்களே எடுப்பார்கள். முக்காலி, வெள்ளைப் பலகை, ஒரு கம்பியின் நுனியில் கேமரா. ஆபரேட்டர் என் வயதுக்காரன்தான். எட்டு முறை முயன்றான். பேயை நினைச்சுக்குங்க என்றான், பணம் கீழே கிடக்கிற மாதிரி நினைச்சுக்குங்க என்றான், மூச்சைப் பிடிங்க என்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் வீட்டிலேயே தூங்கிட்டு வரக் கூடாதா என்று முனகினார்கள். இங்கே வெல்டிங் மெஷின் வைக்க முடியுமா என்று நான் கேட்டேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, கேமராவுக்கு நேர் பின்னாடி நில்லுங்க, உங்க மூஞ்சியப் பாத்தாவது திறக்குதான்னு பாப்போம் என்றான்.

போய் நின்றேன். அப்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அத்தான்.

எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் மெதுவாக, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் "தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கவசத்தைத் தூக்கிவிட்டு ஒட்டைப் பார்க்கிற பார்வை. பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்று. ஆபரேட்டரின் விரல் அசைந்தது, எனக்கே தெரிந்தது. அப்பாவின் இமை அசையவில்லை. "ம்" என்ற சத்தமும் வரவில்லை.

"அப்படித்தான் சார், வந்திருச்சு" என்றான் ஆபரேட்டர் சந்தோஷமாக. "அடுத்து யாரு?"

அக்கா அதிலிருந்து ஒன்பதாம் நாள் பெட்டியில் வந்தாள். அவளை அனுப்பப் பதினோரு காகிதம் வேண்டியிருந்ததாம். ஒன்றில்கூடப் போட்டோ கேட்கவில்லை என்று அத்தான் சொன்னார்.

பாஸ்போர்ட் பதினாறாம் நாள் வந்தது. உரியவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதால் தபால்காரர் அப்பாவை வாசலுக்கு வரச் சொன்னார். முதல் பக்கத்தைத் திறந்து, படத்தையும் அப்பாவையும் மாறி மாறி இரண்டு முறை பார்த்தார். சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.